தாலாட்டும் மதிப்பெண்ணும்

அமீர்பேட் என்றதும் ஐதராபாத்தில் வாழ்வோர் நினைவுக்கு வருவன பயிற்சி நிலையங்களே. மைத்திரிவனத்தைச் சுற்றிய தெருக்களில், கணிப்பொறிப் பயிற்சிக்கும் வேலைத் தேர்வுக்கும் அழைக்கும் பலகைகளுக்குக் கணக்கில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாம் அதனைப் பழிக்க மாட்டோம். ஆனால் ‘கற்பதெல்லாம் காசுக்கே’ என்னும் எண்ணம் தொட்டில் வரை எட்டிவிட்டதே, அதுதான் நம் கவலை. “பாட்டு வகுப்பில் சேர்த்தால் பையனுக்குக் கணக்கு நன்றாக வருமாமே?” என்று கேட்கும் பெற்றோர் இன்று பெருகிவிட்டனர்.

இந்த நம்பிக்கை எங்கே பிறந்தது? 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரௌஷர் என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் ஒரு சோதனை நடத்தினர். 36 கல்லூரி மாணவர் மோசார்ட்டின் இசையைப் 10 நிமிடம் கேட்டனர். பிறகு, உருவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் காணும் தேர்வில் சற்றுக் கூடுதலாகத் தேறினர். அப்பயன் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. குழந்தை ஒன்றுகூட அச்சோதனையில் இல்லை! ஆயினும் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார். சிறு விதை எவ்வளவு பெரிய வதந்தியாக வளர்ந்தது பாருங்கள்!

பின்னர் 2004-இல், டொராண்டோ பல்கலைக் கழகத்து ஷெல்லன்பர்க், ஆறு வயதுச் சிறுவர் 144 பேரை ஆராய்ந்தார். ஓராண்டு இசை கற்றவர்கள் அறிவுத் தேர்வில் மற்றவரினும் ஏறத்தாழ 3 புள்ளி மிகுதியாக உயர்ந்தனர். நாடகம் கற்றவர்களோ பிறரோடு பழகும் பண்பில் முன்னேறினர். 2020-இல் சாலா, கோபெட் என்னும் இருவர் 54 ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டனர். ஒப்பீடு செம்மையாக அமைந்த ஆய்வுகளில், இசைப் பயிற்சியால் படிப்புக்கோ மதிநுட்பத்துக்கோ கிட்டிய பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே அவர்கள் முடிவு.

அப்படியானால் இசை வீணா? அன்று, அன்று! அதே டொராண்டோவில் பல்லாண்டு குழவிகளின் செவியை ஆராய்ந்து, 2023-இல் மறைந்த சாண்ட்ரா டிரேஹப் அம்மையாரைக் கேட்போம். 2005-இல் அவரும் எரின் ஹானனும் கண்டது வியப்பூட்டுவது. ‘தகிட தகதிமி’ என நாம் சொல்லும் ஏழின் நடை போன்ற தாளங்கள் பால்கன் நாடுகளில் உண்டு. அவற்றில் பிழை நேர்ந்தால் வட அமெரிக்கப் பெரியோருக்குப் புலப்படுவதில்லை. ஆறு திங்கள் குழவிக்கோ புலப்படுகிறது. ஓராண்டு நிரம்பும்போது, வீட்டில் கேளாத தாளத்துக்குக் குழந்தையின் செவியும் மந்தமாகிறது. அப்போதும் இரண்டு வாரம் அவ்விசையைக் கேட்கச் செய்தால் அந்த ஆற்றல் மீள்கிறது. பெரியவர்க்கு அவ்வாறு எளிதில் மீள்வதில்லை.

டிரேஹப் பங்குகொண்ட மற்றோர் ஆய்வு 2015-இல் மாந்திரியாலிலிருந்து வெளிவந்தது. குழவிகளுக்கு, அவர்கள் அறியாத துருக்கி மொழியில் பேச்சும் பாட்டும் ஒலிக்கப்பட்டன. பேச்சைக் கேட்டவை சுமார் 4 நிமிடத்தில் முகம் சுளித்தன. பாட்டைக் கேட்டவை சுமார் 9 நிமிடம் அமைதியாயிருந்தன. பொருள் தெரியாத பாட்டுக்கே இத்தனை ஆற்றலென்றால், தாயின் குரலில் வரும் தாலாட்டுக்கு எத்தனை இருக்கும்!

நம் முன்னோர் இதனை அறியாதவரா? பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். தாலப் பருவத்தில் குழந்தை பாட்டைக் கேட்கிறது. சப்பாணிப் பருவத்தில் கை கொட்டுகிறது. சிறுபறைப் பருவத்தில் தானே முழக்குகிறது. குழந்தையின் வளர்ச்சியையே இசையின் வளர்ச்சியாகக் கண்டவர் அவர். மதிப்பெண்ணுக்காகவா தாலாட்டினர்?

இசையைக் கணக்குக்கு வேலைக்காரியாக்குவது இரு வகையில் தீங்கு. கணக்கு வராதபோது, “பாட்டால் என்ன பயன்?” என்று வகுப்பை நிறுத்திவிடுவர். அதனினும் கொடிது ஒன்று உண்டு: கட்டணம் செலுத்திக் கற்பதே இசை என்றெண்ணி, வீட்டுப் பாட்டை மறந்துவிடுவர். ஐந்து வயதில் வகுப்புக்கு ஓடும் பெற்றோர், முதல் ஆண்டின் செவியை வெறுங் கைப்பேசிக்கு விட்டுவிடுகின்றனர்.

பாட்டு வகுப்பு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பாட்டைப் பாட்டுக்காகவே கற்கட்டும். ஐதராபாத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தாலாட்டும், அண்டை வீட்டில் தெலுங்கு லாலியும், எதிர் வீட்டில் உருது லோரியும் கிட்டும். இதனினும் பெரிய பள்ளி ஏது?

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டிமார் பாடும் தாலாட்டுகளைக் கேட்டு எழுதி வாருங்கள். மெட்டையும் கற்று வாருங்கள். ஏட்டில் மட்டும் கிடக்கும் தாலாட்டு எந்தக் குழந்தையையும் உறங்க வைக்காது. குரல் இனிமை இல்லையே என்று கூச வேண்டா. நம் குரலுக்கு மதிப்பெண் இடாத அவை உலகில் ஒன்றுண்டு என்றால், அது தொட்டில்தான்.