அருகில் சென்றால்தான் எழுத்துத் தெரியும்

ஒளிப்படக் கலையில் ஈடுபாடு கொண்ட நம் கல்லூரி நண்பர்களிடம், "மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நூறு மில்லிமீட்டர் வாங்கு!" என்பதே ஒருமித்த விடையாக வரும். "ஐம்பதோ அறுபதோ வாங்கினால் என்ன?" என்று கேட்டால் ஏளனமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்வராயன் மலைக்குச் சென்று வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிக்க வேண்டுமா? நூறுதான் நல்லது. நிக்கான் நிறுவனத்தின் 60 மி.மீ. லென்ஸ் ஒன்று இயல்பளவில் படம் எடுக்க 18.5 செ.மீ. தொலைவுக்கு வரவேண்டும். அதே நிறுவனத்தின் 105 மி.மீ. லென்ஸுக்கு 31.4 செ.மீ. போதும். இத்தொலைவு காமிராவின் உட்புறத்திலிருந்து அளக்கப்படுவது. ஆகவே அறுபதில் லென்ஸின் முகத்துக்கும் பூச்சிக்கும் இடையே எஞ்சுவது சில விரற்கடையே. பூச்சி பறந்துவிடும், பறக்காவிட்டாலும் நம் நிழல் அதன்மேல் விழும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் நண்பர்களே, உலகில் அருகே சென்று பார்க்க வேண்டியவை பறந்து செல்லும் பூச்சிகள் மட்டும்தானா?

என் சொந்த ஊர் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை. என் பாட்டனார் மாட்டு வைத்தியம் அறிந்தவர். அவர் தந்தையார் காலத்து ஏட்டுக்கட்டு ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. மொத்தம் 68 ஏடுகள். 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது என்று பெருமையும் கொண்டேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. நடுவில் உள்ள எழுத்துகள் படிக்கும்படி இருந்தன; இரு முனைகளிலும் எழுத்து மங்கிக் கரைந்திருந்தது. கைப்பேசியின் அகன்ற பார்வை கொண்ட லென்ஸை ஏட்டுக்கு மிக அருகில் பிடிக்க வேண்டியிருந்தது. அந்நெருக்கத்தில் கை சற்றே சாய்ந்தாலும் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்துப் போகும். போதாக்குறைக்கு என் கையின் நிழல் வேறு!

என் குறையைக் கேட்ட பேராசிரியர் ஒருவர் தம் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸையும் காமிராவையும் தந்து உதவினார். காலாண்டு விடுமுறையில் ஊருக்குக் கொண்டு சென்றேன். "என்னடா இது, பூதக்கண்ணாடியா?" என்றார் பாட்டி. மேசைமேல் ஏட்டை வைத்து, காமிராவை நேர் கீழ்நோக்கிப் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கொளி பாய்ச்சினேன். மை உதிர்ந்துபோன இடங்களிலும் எழுத்தாணி கீறிய பள்ளம் நிழல் காட்டியது. முனையிலிருந்து முனை வரை ஒவ்வொரு எழுத்தும் நின்றது! 22 ஏடுகள் முடிந்தன. லென்ஸைத் திருப்பித் தர வேண்டிய நாள் வந்தது. "பொங்கல் கழித்து, தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவும் முடியட்டும், மீதியை எடுத்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டேன்.

ஆறு திருவிழா வரை காத்திருக்கவில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு ஊருக்குள் புகுந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் சேறு நிறைந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பூத்தன. இன்று முழுமையாக எஞ்சியிருப்பவை அந்த 22 ஏடுகளின் படங்களே. மீதி 46க்கும் நடுப்பகுதி மட்டும் உண்டு. நோயின் பெயர் இருக்கிறது, மருந்து இல்லை. மருந்து இருக்கிறது, அளவு இல்லை.

அந்த லென்ஸ் அப்படி என்ன மாயம் செய்தது? சாதாரண லென்ஸ் தொலைவிலுள்ள பொருளுக்காகக் கணக்கிடப்பட்டது; மிக அருகில் வந்தால் படத்தின் ஓரங்கள் நெகிழும். மேக்ரோ லென்ஸ் அண்மைக்கென்றே கணக்கிடப்பட்டது. தட்டையான பொருளை ஓரம் வரை தட்டையாகவே காட்டும். அதன் பிறப்பே இதற்குச் சான்று. இன்று நிக்கான் என வழங்கும் ஜப்பானிய நிறுவனம் 1956இல் 5 செ.மீ. குவியத்தூரமுள்ள மைக்ரோ-நிக்கார் லென்ஸை வெளியிட்டது எதற்காக? பூச்சிக்காக அன்று, நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்வதற்காக! நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகள் சாதாரண லென்ஸில் குழம்பிப் போயின. தம் எழுத்தைக் காக்க அவர்கள் செய்த கருவி அது. நம் ஏட்டெழுத்துக்கும் அது பொருந்தியதில் வியப்பென்ன?

சரி, நூறு மி.மீ. லென்ஸும் தட்டையாகத்தானே காட்டும் என்பீர்கள். உண்மை. ஆனால் தொலைவைக் கணக்கிடுங்கள். 40 செ.மீ. அகலத்தை முழுச்சட்டகக் காமிராவில் அடக்க, அறுபதுக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரம் போதும், நூறுக்கு 1.2 மீட்டர் வேண்டும். முன்னதைச் சாதாரண மேசையில் வைத்து எடுக்கலாம். பின்னதற்கு உயரமான தாங்கியும், ஏறி நிற்க முக்காலியும் தேவை. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். சிறிய சென்ஸார் உள்ள காமிராவானால் 40 மி.மீ. மேக்ரோவே இவ்வேலையைச் செய்யும்.

குறைந்த குவியத்தூரத்தில் ஆழம் அதிகமாகத் தெளியும் என்று சிலர் சொல்வதுண்டு. என் கட்சிக்குச் சாதகமானாலும் அது தவறு. ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே துளையளவில், இரண்டுக்கும் தெளிவு ஏறத்தாழ ஒன்றே. இயல்பளவில் எஃப் 8 வைத்தால் தெளிவது சுமார் ஒரு மில்லிமீட்டரே. பொய்யான காரணம் சொல்லி நல்ல பொருளை விற்க வேண்டியதில்லை.

விலை கட்டுப்படியாகாது என்பது நியாயமான மறுப்பு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளான நமக்கு அது தெரியாததா? பழைய 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால், நீட்டிப்பு வளையம் ஒன்றை இடையில் பொருத்திப் பூவும் விதையும் எடுத்துப் பழகலாம். ஏடு போன்ற தட்டையான பொருளுக்கு மட்டும் உண்மையான மேக்ரோவே வேண்டும். ஆளுக்கொன்று வேண்டாம், கல்லூரிக்கு ஒன்று போதும். தாவரவியல் துறை உலர்தாவரத் தாள்களையும், வரலாற்றுத் துறை நாணயங்களையும், தமிழ்த் துறை ஏடுகளையும் அதே லென்ஸால் பதிவு செய்யலாம். மூன்று துறைகளும் சேர்ந்து கேட்டால் நிருவாகம் மறுக்காது என்று நம்புகிறேன்.

உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நாம் அலைய வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ளவற்றைப் பார்த்தால் போதும். வண்ணத்துப்பூச்சி அடுத்த பருவத்திலும் வரும். நனைந்த ஏடு திரும்பி வராது. இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தோழர்களே, பெட்டியைத் திறந்து பாருங்கள். திருவிழா முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.