பரணில் கிடக்கும் லேப்டாப்

சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் பல வீட்டுப் பரண்களில் ஓர் 'அம்மா லேப்டாப்' கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. என்ன கோளாறு என்று கேட்டால், பெரும்பாலும் "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்பதே பதில். புதிதாகப் போடக் கடைக்காரர் சொல்லும் தொகை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கையிலிருக்காது. தம்பி, தங்கைகள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும் அதே மாதங்களில்தான்.

ஸ்கிரீன் நன்றாயிருக்கிறது, கீபோர்டு நன்றாயிருக்கிறது. அதைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. ஒரு 32 ஜிபி பென்டிரைவ் போதும். லினக்ஸ் இயங்குதளத்தை அதில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். ஹார்டு டிஸ்க் தேவையே இல்லை.

இது புது வித்தை அல்ல. 2000-இலேயே ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், சிடியிலிருந்து ஓடும் நாப்பிக்ஸை வெளியிட்டார். ஆனால் வெறும் சிடியிலிருந்து ஓட்டினால், அணைத்ததும் செய்த வேலையெல்லாம் போய்விடும். காரணம், லினக்ஸின் மூலக் கோப்புகள் மாற்ற முடியாதபடி ஒரே கட்டாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் ரேமில் தனி அடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குப் பென்டிரைவிலேயே இடம் ஒதுக்கிவிட்டால் எல்லாம் தங்கும். விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்ற இலவச நிரலைத் திறந்து, லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், 'பெர்சிஸ்டென்ட் பார்ட்டிஷன் சைஸ்' என்று ஒரு பட்டை தெரியும். அதை 10 ஜிபி வரை இழுத்து வைத்து, 'ஸ்டார்ட்' கொடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு கல்லூரி மாணவிக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். தமிழ் 99 விசைப்பலகையை அமைத்து, அரைப் பக்கம் தட்டி அணைத்தாள். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, நேத்து வெச்சது அப்படியே கீது!" என்றாள். இப்போது அவள் தம்பிக்கும் தனிப் பென்டிரைவ். லேப்டாப் ஒன்றுதான், அவரவர் கோப்பு அவரவரிடம்.

அந்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், நம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. அதைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள்தான் அதிகம். பள்ளியில் ஒரு பீரியடாவது அதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

சில எச்சரிக்கைகள். பழைய லேப்டாப்பில் பேட்டரியும் செத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடலாம். அசைன்மென்ட்டை வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். முழு சிஸ்டத்தையும் அப்டேட் செய்ய வேண்டாம். பழைய கோப்பு மூலக் கட்டிலேயே இருக்க, புதியது மேலடுக்கில் வந்து உட்காரும். ஒதுக்கிய இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பென்டிரைவ் தொலைந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதால், ஆதார், வங்கி விவரங்களை அதில் வைக்காதீர்கள்.

கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே விட்டால், கணினி அதைத் தேடிக்கொண்டு கிளம்பவே நேரமாகும். கடையில் கொடுத்து அதை மட்டும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.