7 சீட்டர் ஹைப்ரிட் கார்: காங்கேயத்துக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? கணக்கு என்ன சொல்கிறது?

"ஏனுங்க, மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" காங்கேயம் பக்கம் புது கார் வாங்கியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். கலர், சன்ரூஃப், ஸ்கிரீன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்விக்கு ஷோரூமில் சொல்லப்படும் ஒரு பதில் பலரையும் நிமிர்ந்து பார்க்க வைக்கிறது: லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். அதுவும் ஏழு பேர் உட்காரும் பெரிய பெட்ரோல் காரில், ஆட்டோமேட்டிக் கியரில். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் பெற்றிருக்கும் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் இது.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட ஒரு சித்தப்பா. இப்படிக் கிளம்பும் குடும்பத்துக்கு 7 சீட்டர் அவசியம்தான். ஆனால் ஆன்ரோடு விலை 30 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அவ்வளவு பணம் போட்டால் பெட்ரோல் மிச்சத்தில் அது திரும்பி வருமா? 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறிய பிறகும் பழைய கணக்கு செல்லுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எது உண்மையான ஹைப்ரிட்?

'ஹைப்ரிட்' என்ற எழுத்து இன்று பல கார்களின் பின்னால் இருக்கிறது. எல்லாம் ஒன்று அல்ல. மைல்டு ஹைப்ரிட்டில் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் மட்டும் காரை ஓட்டிச் செல்ல முடியாது. 2025-ல் வந்த 48 வோல்ட் ஃபார்ச்சூனர் டீசல் இந்த வகை.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு. அதில் மோட்டார் தனியாகவே காரை நகர்த்தும். தேவைப்பட்டால் எஞ்சினும் சேர்ந்துகொள்ளும். சார்ஜர் போட வேண்டியதில்லை, பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும். குடும்ப பட்ஜெட்டில் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 7 சீட்டர் என்று தேடினால் முதலில் கிடைப்பது இரண்டு பெயர்கள். 2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ், 2023 ஜூலையில் வந்த மாருதி இன்விக்டோ. இரண்டும் அடிப்படையில் ஒரே கார்தான், கர்நாடகாவின் பிடதி ஆலையில் தயாராகிறது.

இன்னொரு விஷயம். பார்வைக்கு எஸ்யூவி மாதிரி இருந்தாலும் ஹைகிராஸின் உடம்பு எம்பிவி. பழைய இன்னோவா கிரிஸ்டா லாரி போல தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது, பின் சக்கரங்கள் தள்ளும். ஹைகிராஸ் கார் போல ஒரே கூடாகக் கட்டப்பட்டது, முன் சக்கரங்கள் இழுக்கும். ஓட்டும் விதம் மாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

காகிதத்தில் என்ன இருக்கிறது?

எஞ்சின் 1,987 சிசி பெட்ரோல். மோட்டாரையும் சேர்த்து மொத்த சக்தி 186 பிஎஸ். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 9.5 விநாடியில் எட்டும் என்கிறது டொயோட்டா. டீசல் கிரிஸ்டாவின் சக்தி 150 பிஎஸ், ஐந்து கியர் மேனுவல்.

ஹைகிராஸின் நீளம் 4,755 மில்லிமீட்டர். முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,850 மில்லிமீட்டர். மூன்றாவது வரிசையில் பெரியவர்களும் உட்கார முடிவது இந்த நீளத்தால்தான். அந்த வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது 300 லிட்டர் இடம். ஏழு பேரின் பெட்டிகளுக்கு அது போதாது, கேரியர் தேவைப்படலாம். பெட்ரோல் டேங்க் 52 லிட்டர். 2025-ல் நடந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது.

பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. அதன் கொள்ளளவு 2 யூனிட்டுக்கும் குறைவு, வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏ.சி.க்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு வரும் மின்சாரம். மஹிந்திராவின் மின்சார 7 சீட்டரான எக்ஸ்இவி 9எஸ்-ல் இருக்கும் மிகச் சிறிய பேட்டரியே 59 யூனிட். எனவே ஹைப்ரிட் பேட்டரி தொடர்ந்து பல கிலோமீட்டர் ஓட்டுவதற்கானது அல்ல. வீணாகப் போகும் சக்தியைப் பிடித்து வைத்து, அடுத்த நிமிடமே திருப்பிக் கொடுக்கும் சின்னக் குடம் அது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மைலேஜ் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது தானாகப் புரியும்.

ஊருக்குள் ராஜா, ஹைவேயில்?

காங்கேயத்திலிருந்து பல்லடம், சூலூர் வழியாகக் கோவை போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்காநல்லூரை நெருங்கும்போது சிக்னல், பஸ், டூவீலர் என்று நின்று நின்றுதான் நகர வேண்டும். சாதாரண கார் பெட்ரோலைக் குடிக்கும் இடம் இது. ஹைப்ரிட் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். ஏ.சி. கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் குறையாது. நகரும்போது மோட்டார் சத்தமில்லாமல் இழுக்கும். பிரேக் பிடித்தால் பேட்டரிக்குச் சக்தி திரும்பும். திருப்பூர் டவுனுக்குள் தினமும் போய் வருபவருக்கும் இதே பலன்.

இப்போது திசையை மாற்றி, காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில், கரூர் பக்கம் 100 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். பிரேக்குக்கு வேலை இல்லை, பேட்டரிக்குத் திரும்பும் சக்தியும் குறைவு. பெரும்பாலான நேரம் எஞ்சின்தான் ஓடும். டீசல் காருக்கும் ஹைப்ரிட்டுக்கும் உள்ள இடைவெளி இங்கே சுருங்கிவிடும்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று தாராபுரம், காங்கேயம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். அந்த மாதங்களில் மேற்கே கோவை நோக்கிப் போனால் உயரமான எந்த காரும் எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஷோரூம் எண்ணில் இதெல்லாம் வராது. 23.24 என்பது ஆய்வகத்தில், உருளைகள் மேல் ஓட்டி, ஏ.சி. போடாமல் எடுத்த கணக்கு. இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். உங்கள் பெட்ரோல் செலவைச் சொல்ல அது உதவாது.

வால்பாறை ஏறுமா?

ஏறும், சந்தேகம் வேண்டாம். ஆனால் டீசல் ஓட்டிப் பழகியவருக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேரோடு ஏறும்போது பேட்டரியில் இருப்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது எஞ்சின் சக்கரத்தையும் சுற்ற வேண்டும், பேட்டரிக்கும் கொடுக்க வேண்டும். இதில் இ-சிவிடி என்ற அமைப்பு இருக்கிறது. வழக்கமான கியர் மாற்றம் கிடையாது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் சட்டென்று உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும், வேகம் மெதுவாகப் பின்தொடரும். "வண்டி கத்துது, ஆனா போகலையே" என்று தோன்றும். பழுது அல்ல, அதன் குணமே அப்படித்தான். மெதுவாக மிதித்தால் சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும்.

இறங்கும்போது கவனம் தேவை. முதல் சில கிலோமீட்டரில் பேட்டரி நிறைந்துவிட்டால், அதற்கு மேல் இறக்கத்தின் சக்தியை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. கார் கையேட்டில் சொல்லியிருக்கும் எஞ்சின் பிரேக்கிங் முறையைப் பழகிக்கொள்ளாமல், பிரேக் பெடலை மட்டுமே நம்பி மலை இறங்கக் கூடாது.

சொகுசு என்றால் ஹைகிராஸ் ஒரு படி மேல். வளைவில் உடம்பு ஆடுவது கிரிஸ்டாவை விடக் குறைவு, பின் சீட்டில் தூக்கிப் போடுவதும் குறைவு. அதே நேரம் தோட்டத்து மண் பாதையில், மழைக்குப் பிறகு, பின்னால் தேங்காய் மூட்டையோடு மேடு ஏற வேண்டும் என்றால் பின் சக்கரம் தள்ளும் கிரிஸ்டாவுக்குத்தான் பிடி அதிகம்.

மாறிப்போன வரிக் கணக்கு

2025 செப்டம்பர் 21 வரை ஸ்ட்ராங் ஹைப்ரிட் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, 15 சதவீத செஸ், மொத்தம் 43 சதவீதம். கிரிஸ்டா போன்ற பெரிய டீசல் வண்டிக்கு 50 சதவீதம். ஹைப்ரிட்டுக்கு 7 சதவீதம் சலுகை இருந்தது.

செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. இரண்டுக்கும் 40 சதவீதம். விலை இரண்டிலும் குறைந்தது, ஆனால் டீசலில் அதிகம் குறைந்தது. அப்போது டொயோட்டா அறிவித்த குறைப்பு கிரிஸ்டாவுக்கு அதிகபட்சம் 1,80,600 ரூபாய், ஹைகிராஸுக்கு 1,15,800 ரூபாய். குறைவாகப் புகை விடும் காருக்குக் கிடைத்த தனிச் சலுகை அன்றோடு முடிந்தது. மின்சாரக் காருக்கு மட்டும் 5 சதவீதமே தொடர்கிறது.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 25 லட்சம் மதிப்புக்கு வரி மட்டுமே 5 லட்சம். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. இங்கே மின்சாரக் காருக்குத்தான் விலக்கு.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் லாபம்?

கணக்குக்காக பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜும் ஆய்வக எண் வேண்டாம், கொஞ்சம் குறைத்தே போடுவோம்.

சாதாரண பெட்ரோல் ஹைகிராஸ் 12, ஹைப்ரிட் 17 கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு முறையே 8.42 ரூபாய், 5.94 ரூபாய். மிச்சம் 2.48 ரூபாய். அதாவது ஹைப்ரிட்டுக்காகக் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு லட்சமும் திரும்பி வர சுமார் 40,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வித்தியாசம் 5 லட்சம் என்றால் 2 லட்சம் கிலோமீட்டர். வருடம் 15,000 ஓட்டும் குடும்பத்துக்கு 13 வருடம் ஆகும். 40,000 ஓட்டும் வியாபாரிக்கோ ட்ராவல்ஸ்காரருக்கோ 5 வருடம்.

டீசலோடு ஒப்பிட்டால்? ஊருக்குள் கிரிஸ்டா 12 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7.75 ரூபாய், ஹைப்ரிட்டில் 1.81 ரூபாய் மிச்சம். ஹைவேயில் கிரிஸ்டா 14, ஹைப்ரிட் 16 என்றால் மிச்சம் வெறும் 33 பைசா.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹைப்ரிட் மாடல்களில் வசதிகளும் கூடுதலாக வருகின்றன, கொடுக்கும் பணம் முழுக்க மோட்டாருக்கும் பேட்டரிக்கும் மட்டும் போவதில்லை.

பேட்டரி பயம் நியாயமா?

பாதி நியாயம். ஹைப்ரிட் பேட்டரிக்கு டொயோட்டா தரும் வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. மேலே பார்த்த 2 லட்சம் கிலோமீட்டர் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்பும் முன்பே வாரண்டி முடிந்துவிடலாம். பழைய வண்டியாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. தெரிந்த மெக்கானிக் என்றாலும் பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது. வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை சிறிது நேரம் ஆன் செய்து வைப்பது நல்லது.

அப்போ யாருக்குச் சரி?

கோவை, திருப்பூர் நெரிசலில் தினமும் ஓட்டுபவர், வருடம் 25,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர், ஆட்டோமேட்டிக்கும் அமைதியும் வேண்டும் என்பவர், இவர்களுக்கு ஹைப்ரிட் பொருந்தும். பெரும்பாலும் ஹைவே, அவ்வப்போது தோட்டம் என்றால் டீசலைத் தள்ளிவிட வேண்டாம். மாதம் ஒருமுறை பழனி, வருடம் ஒருமுறை ஊட்டி என்றால் சாதாரண பெட்ரோலே போதும், மிஞ்சும் சில லட்சங்கள் கடனைக் குறைக்கும். வீட்டில் சார்ஜர் வைக்க வசதி இருந்து, தினசரி ஓட்டம் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால், வரியில் முன்னால் நிற்பது மின்சாரக் கார்தான்.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கும் வண்டியில் ஒரு நோட்டுப் போட்டு, ஒரு மாதம் எழுதுங்கள்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அதில் ஊருக்குள் எவ்வளவு, ஹைவே எவ்வளவு, மூன்றாவது வரிசையில் எத்தனை நாள் ஆள் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.