கழிவென்று தள்ளும் கொழுப்பு

மாட்டுக் கொழுப்பை உருக்கி வீட்டில் வைத்தால் நாறும், கறிக்கடையோடு விட்டுவிட வேண்டிய கழிவு அது என்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் அடித்துப் பேசுவோர் உண்டு. நாறுவது கொழுப்பல்ல, அதில் ஒட்டிய சதையும் இரத்தமும் ஈரமும்தான். குண்டிக்காயைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சலசலப்பு அடங்கும்வரை உருக்கித் துணியில் வடித்தால், கெடுவதற்கு அதில் அதிகம் மிஞ்சாது. சீமைக் கருவேல விறகைக் கொழுந்துவிட்டு எரிய வைத்தால் அடிபிடித்து வீடெல்லாம் வாடைதான். அதன் கரித்தணல் தோதானது. மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காறல் ஏறுவதும் மெதுவாகவே நடக்கும். உருகுவது 40 டிகிரிக்கு மேல்தான். கத்திரி வெயிலில் குழைந்துபோகும். மூடிய பாத்திரமும் நிழலும் இருந்தால் சீக்கிரம் கெடாது.

எண்ணெய் வித்துகள் விளையும் மண்ணில் இதற்கென்ன வேலை என்பது அடுத்த வாதம். நெசவு ஊர்க்காரர்கள் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. கைத்தறிப் பாவுக்கு அரிசிக் கஞ்சியோடு எண்ணெய் சேர்ப்பது போல, ஆலைகளில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் ஆட்டுக் கொழுப்பு, சேர்ந்து வந்தது. கஞ்சி நூலை விறைப்பாக்கும். கொழுப்பு அதை ஒடியாமல் இளக்கும். தோல் செருப்புக்கும் வாருக்கும் அதே இளக்கம்தான் தேவை. அரிவாளிலும் மண்வெட்டியிலும் மெலிதாகத் தடவினால் ஈரம் அண்டாது. உப்புப் போட்டு உருக்கியது மட்டும் ஆகாது, அதுவே துருவேற்றும். சோப்புக்கு ஒரு கிலோ கொழுப்பு சுமார் 140 கிராம் காஸ்டிக் சோடாவை ஏற்கும். 130 கிராமோடு நிறுத்தினால் காரம் மிஞ்சாது. காஸ்டிக் சோடா கண்ணைக் கெடுக்கும், பிள்ளைகள் நடமாடும் அடுப்படியில் அந்த வேலை கூடாது. இலுப்பை எண்ணெயிலும் சோப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் கறிக்கடையில் வீணாகக் கொட்டப்படுவது இலுப்பை எண்ணெய் அல்லவே.

பிறகு தீட்டு. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரத்தையும், 2024இல் திருப்பதி லட்டு நெய்யைப் பற்றி எழுந்த குற்றச்சாட்டையும் இதற்குச் சாட்சி கூப்பிடுவார்கள். இரண்டிலும் மனிதரைக் கொதிக்க வைத்தது, தெரியாமல் தின்னக் கொடுத்தார்கள் என்பது. தெரிந்தே வாங்கி, தெரிந்தே உருக்கி, செருப்புக்குத் தடவுவதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்களின் அடுப்பை அசுத்தம் என்று சொல்லிப் பழகிய நாக்குதான் கொழுப்பையும் அப்படிச் சொல்கிறது. அது சாதிப் பேச்சு, சுகாதாரப் பேச்சு அல்ல.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். விதை எண்ணெய் நஞ்சு, மாட்டுக் கொழுப்பு அமிர்தம் என்று இப்போது அமெரிக்காவிலிருந்து கிளம்பியிருக்கும் பேச்சுக்கு ஆதாரம் போதாது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அன்றாடப் பொரியலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயுமே மேல். எப்போதாவது ஒரு வறுவலுக்கு மாட்டுக் கொழுப்பைப் போட்டாலும், விருந்தாளிக்குப் பரிமாறும் முன் சொல்லிவிட வேண்டும். டப்பாவின் மேல் பெயர் எழுதி வைப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.