பேஸ்புக் பக்கத்தின் சொந்தக்காரர் யார்?



உங்களில் பலர் ஏதாவது ஒரு பேஸ்புக் பக்கத்துக்கோ இன்ஸ்டாகிராம் கணக்குக்கோ அட்மினாக இருக்கிறீர்கள். ஈஸ்ட்ஹாமில் மாமியின் கேக் வியாபாரம், டூட்டிங்கில் சித்தப்பாவின் கடை, சபையின் ஆராதனை நேரலை என்று பொறுப்பு உங்கள் போனுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்தத் தளங்களோடு இணையும் ஆப்களையும் எழுதுகிறீர்கள். ஆகவே இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். தளம் ஒரு நாள் தன் விதியை மாற்றினால் உங்கள் உழைப்பு என்னவாகும்?

இதற்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. நாம் வாழும் லண்டனிலேயே நடந்த கதை ஒன்று உண்டு.

மென்பொருள்கள் ஒன்றிடமிருந்து ஒன்று தகவல் கேட்டு வாங்கும் வாசலை ஏ.பி.ஐ. என்கிறோம். பேஸ்புக் ஒரு காலத்தில் அந்த வாசலை மிகவும் அகலமாகத் திறந்து வைத்திருந்தது. நீங்கள் ஒரு ஆப்புக்கு அனுமதி கொடுத்தால், உங்கள் நண்பர்களின் விவரங்களையும் அது எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த நண்பர்களை யாரும் கேட்கவில்லை. 2014இல் இதை நிறுத்துவதாக அறிவித்த பேஸ்புக், பழைய ஆப்களுக்கு 2015 ஏப்ரல் வரை தவணை கொடுத்தது.

அதற்கு முன்பே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன் ஆளுமைத் தேர்வு ஆப் ஒன்றை விட்டிருந்தார். அதில் சேர்ந்தவர்கள் சுமார் 2,70,000 பேர். ஆனால் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் பேஸ்புக்கே கணக்குச் சொன்னது. அவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரித்தானியாவில் இருந்தவர்கள். அந்தத் தகவல் லண்டனில் இயங்கிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 மார்ச்சில் அப்சர்வர் பத்திரிகையும் நியூயார்க் டைம்ஸும் இதை வெளிக்கொண்டு வந்தன. மார்ச் 23 இரவு தகவல் ஆணையர் அலுவலகத்தின் அதிகாரிகள் அந்நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தைச் சோதனையிட்டார்கள். மே 2 அன்று அது தன் வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பேஸ்புக்குக்கு 5 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அன்றைய பழைய சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அதுதான்.

இது வரை செய்தியில் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத பகுதி இனிமேல்தான் வருகிறது. 2018 ஏப்ரல் 4ஆம் தேதி பேஸ்புக் தன் வாசல்களை வரிசையாக இறுக்கியது. அது வரை எந்த ஆப்பும் பொதுப் பக்கங்களின் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் வாசிக்க முடிந்தது. அன்று முதல் அதற்குத் தனி அனுமதி வேண்டும். நிகழ்ச்சிக்கு வருவோரின் பட்டியலையும் ஆப்கள் பார்க்க முடியாது. குழுக்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. இன்ஸ்டாகிராமின் பழைய ஏ.பி.ஐ.யின் பல பகுதிகள் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டன. புதிய ஆப்களைப் பரிசீலிப்பதும் சில வாரங்கள் நின்றுபோனது. ஆகஸ்ட் 1 முதல் வெளி ஆப்கள் ஒருவரின் சொந்தச் சுவரில் அவர் பெயரில் பதிவிட முடியாமல் போனது.

பக்கத்துக்கு வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டிய கருவிகளும், நிகழ்ச்சிகளை நாட்காட்டியில் சேர்த்த கருவிகளும் தடுமாறின. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் எவருடைய தகவலையும் திருடியவர்கள் அல்லர். ஒருவர் செய்ததற்கு எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் வாசலை மூடியது தவறா? தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். எந்தப் பொத்தானையும் அழுத்தாத அந்தக் கோடிக்கணக்கான நண்பர்களின் பக்கம் நின்று பார்த்தால், அது பிந்திச் செய்த நியாயம். உருவாக்குநருக்கு வந்த இடைஞ்சலும் உண்மை, நண்பர்களுக்கு வந்த பாதுகாப்பும் உண்மை.

எல்லா மாற்றத்துக்கும் இப்படிப்பட்ட காரணம் இருப்பதில்லை. 2023இல் ட்விட்டர் தன் இலவச ஏ.பி.ஐ. வசதியைப் பெருமளவு குறைத்துக் கட்டணம் கேட்டது. பேஸ்புக் குழுக்களுக்கான ஏ.பி.ஐ. 2024 ஏப்ரலில் முடிந்தது. பதிவுகளை நேரம் குறித்து அனுப்பும் வெளிக் கருவிகள் அதன்பின் குழுக்களுக்கு அனுப்ப முடியவில்லை.

நம்மை நேரடியாகத் தொட்ட மாற்றம் 2025இல் வந்தது. பெப்ரவரி 19 முதல் பேஸ்புக் நேரலை வீடியோக்கள் 30 நாட்கள் மட்டுமே தளத்தில் இருக்கும் என்று மெட்டா அறிவித்தது. பழையவற்றைப் படிப்படியாக நீக்கப்போவதாகவும், அறிவிப்புக் கிடைத்த பின் தரவிறக்க 90 நாட்கள் தருவதாகவும் சொன்னது. நேரலையைப் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே பார்த்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொதுவாக அது சரியாக இருக்கலாம். ஆனால் கொரோனா காலத்தில் பத்துப் பேருடன் நடந்த அடக்க ஆராதனையை யாழ்ப்பாணத்திலிருந்தோ டொரோண்டோவிலிருந்தோ பார்த்த மகளுக்கு, ஐந்து ஆண்டு கழித்தும் அந்த வீடியோ தேவைப்படும். ஞானஸ்நானமும் திருமணமும் அப்படித்தான். சராசரியைப் பார்த்து எழுதும் விதியில் இந்த மகள் கண்ணில் படமாட்டாள். அவளை நினைக்க வேண்டியது பக்கத்தின் அட்மின்.

நம் வேதாகமத் தமிழில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் உண்டு. அவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் அல்லன். ஆனால் வீட்டுக் கணக்குக்குப் பொறுப்பானவன். அட்மினின் நிலை ஏறக்குறைய அதுவே. எனவே சில யோசனைகள்.

பக்கத்தில் முழு அதிகாரம் குறைந்தது இரண்டு பேருக்காவது இருக்கட்டும். ஒரே அட்மின் பல்கலைக்கழகம் போய்விட்டாலோ, அவர் கணக்கு முடக்கப்பட்டாலோ பக்கமும் பூட்டிக்கொள்ளும்.

வீடியோவையும் படங்களையும் அந்த வாரமே தரவிறக்கி, சபைக்கோ கடைக்கோ சொந்தமான ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். தளத்திலிருந்து வரும் மின்னஞ்சலைப் பிரிக்காமல் விடாதீர்கள். இப்படிப்பட்ட தவணை அறிவிப்புகள் அதில் வரலாம்.

வியாபாரம் என்றால் சொந்தப் பெயரில் ஒரு சிறு இணையதளமும், விரும்பித் தந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பட்டியலும் இருக்கட்டும். லைக் போட்டவர்களை வேறு தளத்துக்குக் கூட்டிச் செல்ல முடியாது.

ஆப் எழுதுகிறவர்களே, தளத்தோடு பேசும் பகுதியைத் தனியே பிரித்து எழுதுங்கள். மாற்றம் வந்தால் அந்த ஒரு பகுதியைத் திருத்தினால் போதும். தேவைக்கு மேல் ஓர் அனுமதியும் கேட்காதீர்கள்.

கடைசியாக, நம் பக்கமே திரும்பும் கேள்வி. சபைக் குடும்பங்களின் தொலைபேசிப் பட்டியல், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. ஒருவரின் மத நம்பிக்கையைக் காட்டும் தகவலைப் பிரித்தானியச் சட்டம் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஆகவே நம் சபையின் சாதாரண எக்செல் பட்டியலும் அந்த வகையில் சேரும். அதை யாரிடம் கேட்டு வாங்கினோம், யார் யாரிடம் அதன் பிரதி இருக்கிறது? பெரிய நிறுவனத்திடம் கேட்ட அதே கேள்வியை நமக்கும் கேட்டுக்கொள்வது நியாயம்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், நம் பக்கத்தின் அட்மின்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே பெயர்தான் வந்தால் அன்றே இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.