ருசிக் குறிப்பில் விவசாயி எங்கே?

போர்ச்சுகல் நாட்டுப் போர்ட் ஒயினைப் பற்றிய ருசிக் குறிப்புகளை நீங்களும் படிச்சிருப்பீங்க. 1963-ம் வருஷத்துப் பாட்டில், 1977-ம் வருஷத்துப் பாட்டில் என்று திறந்து வச்சு, உலர்ந்த அத்திப்பழ வாசம், புகையிலை வாசம், பழைய தோல் வாசம் என்று எழுதுறாங்க. நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வேற. நான் குடிக்கிறவன் இல்லை. ஆனா திராட்சையும் ஒரு வெள்ளாமைதானே, அதனால கேட்கிறேன்: இத்தனை வாசம் பிடிக்கிறவங்களுக்கு அதை விளைவிச்சவன் வேர்வை வாசம் மட்டும் ஏன் தெரியலை?

அந்தத் திராட்சை விளையுறது டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில். தகடு தகடா உடையுற பாறைச் சரிவு. அதை உடைச்சு, கல் அடுக்கி, படிப்படியா கட்டித்தான் கொடி நட்டிருக்காங்க. பழைய படிகளில் டிராக்டர் ஏறாது, ஆள்தான் ஏறணும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பழத்தை இன்னைக்கும் சில இடங்களில் கல் தொட்டியில் போட்டுக் காலால மிதிக்கிறாங்க. சாறு பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திடுவாங்க, இனிப்பு தங்கிடும். ரெண்டு வருஷம் போல மரத்தில், அப்புறம் இருபது முப்பது வருஷம் பாட்டிலில். கடைசியில் புகழெல்லாம் கம்பெனிக்கும் காலத்துக்கும்.

காலத்துக்குச் சோறு போட வேண்டாம். விவசாயிக்கு வேணும்.

எவ்வளவு திராட்சையைப் போர்ட் ஆக்கலாம் என்று அங்கே வருஷா வருஷம் அளவு வைக்கிறாங்க. 2024-ல் 90,000 பீப்பாய், 2025-ல் 75,000. ஒரு பீப்பாய் 550 லிட்டர். அளவுக்கு மேல் விளைஞ்சது சாதா ஒயினுக்குத்தான் போகணும், விலையும் ரொம்பக் கம்மி.

விற்பனை குறைஞ்சா அளவைக் குறைக்கத்தானே வேணும் என்பீங்க. வாஸ்தவம்தான். ஆனா அந்த அடியை யார் தாங்குறது? கிடங்கில் இருக்கிற நல்ல பாட்டிலுக்கு வயசு ஏற ஏற மதிப்பும் ஏறும். கொடியில் பழுத்த குலை ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. காத்திருக்க முடியாதவன் சொன்ன விலைக்குக் கொடுத்துத்தான் ஆகணும். இது எங்களுக்குப் புதுசு இல்லை.

ருசிச்சு எழுதுங்க, வேண்டாம்னு சொல்லலை. மார்க்குக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்க: இந்தப் பழத்துக்கு விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கிடைச்சது? அதை விசாரிக்காம நூற்றுக்கு நூறு போடாதீங்க.