மூச்சை எண்ணச் சொல்லிப் பாருங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கக் கொள்குறி வினாத்தாளே போதும் என்ற முடிவை இன்னும் எத்தனை காலம் கட்டிக்கொண்டு அழப்போகிறார்கள்? 2015-இல் அப்படித்தான். 2019-இலும் அப்படித்தான். பிறகு தமிழ்த் தகுதித் தாள் சேர்ந்தது, அது நியாயமே. ஆனால் நோயாளியைப் பார்க்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம், பி.எஸ்சி. மாணவர்களை ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வில் செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்கிறது. அப்படிப் படித்து வந்தவரிடம், அரசு வேலை என்றதும் விடையைக் குறிக்கச் சொன்னால் போதுமாம்.

உணர்வுநிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவில் ஆகக் குறைந்த புள்ளி எது என்றால் 3 என்று எல்லோரும் குறித்துவிடுவார்கள். சற்றுமுன் கூப்பிட்டதும் கண் திறந்தவர் இப்போது கிள்ளினால்தான் திறக்கிறார் என்று நடுராத்திரியில் கவனித்து டாக்டரை எழுப்புவது வேறு. மூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை சரிவதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதன் வேகம்தான். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடித்த கையை எடுக்காமலே எண்ண வேண்டும். எண்ணாமலே 20 என்று எழுதிவிடும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதை எந்த வினாத்தாள் கண்டுபிடிக்கும்? காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் ஒரு நெசவாளிக்குச் சேலையில் கரையை இணைக்கும் கோர்வை போடத் தெரியுமா என்று தறியில் உட்காரவைத்துத்தான் பார்ப்பார்கள். அந்த நெசவாளி நெஞ்சுவலியோடு காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போனால், அவர் உயிரைக் காக்கும் கைக்கு அந்தச் சோதனைகூட இல்லை.

இத்தனை பேரைக் கட்டிலருகே நிறுத்திச் சோதிக்க முடியுமா என்பார்கள். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டிய அத்தனை பேரையும் ஓடவிட்டுப் பார்க்க முடிகிறதே!

செவிலியர் விஷயத்தில் அரசின் பழைய கணக்கும் நல்லதாக இல்லை. 2015-இல் 7,243 இடங்களுக்குத் தேர்வு வைத்து, தேர்வானவர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போனது. 2017 நவம்பரில் அந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட நேர்ந்தது. கொரோனா வந்ததும் செவிலியர்களைத் தற்காலிகமாக அழைத்தார்கள். 2022 டிசம்பர் 31-உடன் அனுப்பிவிட்டார்கள். இட ஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்றார்கள். பின்பற்றாமல் எடுத்தது யார்? நாற்காலியில் ஆட்கள் மாறினார்கள். செவிலியரை ஆள்கணக்காகப் பார்க்கும் புத்தி மாறவில்லை.

அடுத்த அறிவிக்கைக்கு முன்பாவது தேர்வு முறையை நோயாளியின் பக்கம் திருப்பியாக வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால், வார்டில் இருபது முப்பது ஆண்டு நின்ற நர்சிங் சூப்பிரண்டுகளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.